மண்டபம் கரையில் ஒரு பெரிய தேஜஸ்: தெர்மாகோலில் மாதிரி ஜெட் கட்டுவது பற்றி

தம்பி, மண்டபம் பக்கத்தில் அப்பா பைபர் படகு கட்டும் பட்டறை வைத்திருப்பதாகவும், நான்கு சேனல் மின் விமானங்களை நீங்கள் ஏற்கெனவே நன்றாக ஓட்டிப் பழகிவிட்டதாகவும், அடுத்து இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தேஜஸ் மாதிரி ஒன்றைத் தெர்மாகோலில் கட்டி, டக்டட் ஃபேன் எனப்படும் குழாய் விசிறியைப் பொருத்திப் பறக்கவிட விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் இருக்கும் ரெசினையும் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பையும் மேல்தோலுக்குப் பயன்படுத்தலாமா, எந்த அளவு விசிறியும் பேட்டரியும் வேண்டும், கடற்கரையிலேயே ஏற்றி இறக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. ஆனால் விமானத்தைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அளவுத் தேர்வு நல்ல தேர்வு. பட்டறையில் வளர்ந்த கைக்கு இந்த வேலை மற்றவர்களைவிட எளிதாகவே வரும். பட்டறைப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது: வலிமை வேண்டுமென்றால் கனத்தைக் கூட்டு என்ற எண்ணம். மாதிரி விமானத்தில் ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து, இத்தனை கிராமுக்கு இது என்ன வேலை செய்கிறது என்று கேட்ட பிறகே உள்ளே விட வேண்டும்.

ரெசினில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பெரிய இழப்பு காத்திருக்கிறது. படகுக்கு ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அது கையாளும் அளவுக்கு நீர்த்திருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம். தெர்மாகோலோ அதே ஸ்டைரீனைக் கோத்துச் செய்த பாலிஸ்டைரீன். ஆகவே கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் கலந்து ரெசின் இறுகுவதற்கு முன்பே, அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மீன் பெட்டியிலிருந்து உடைந்த ஒரு துண்டை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டு ரெசின் விட்டுப் பாருங்கள். சொட்டு நின்ற இடம் பள்ளமாக இறங்கும். மணிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும். கடைசியில் அடியில் ஒட்டும் பசை மட்டும் மிஞ்சும். கட்டடக் கூரைகளில் வெப்பம் தடுக்கப் பதிக்கும் நீல நிற, இளஞ்சிவப்பு நிறப் பலகைகளும் பாலிஸ்டைரீன்தான். பிழிந்து தயாரித்ததால் மணி தெரியாது, ஆனால் ரெசின் பட்டால் அவற்றுக்கும் இதே கதிதான். பெட்ரோல், தின்னர், டப்பாவில் வரும் ஸ்பிரே பெயின்ட், சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷன், சாதாரண ஃபெவிக்விக் ஆகிய எதுவும் நேரடியாக அதன்மேல் படக் கூடாது.

எபாக்சி ரெசினில் ஸ்டைரீன் இல்லை; தெர்மாகோலை அது தொடுவதில்லை. எனவே தோலுக்கு எபாக்சிதான். ஆனால் ரெசினை மாற்றிவிட்டு, பட்டறையில் இருக்கும் மேட்டையே போர்த்தினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படகுக்குப் போடும் மேட் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம். அது தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தோல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நீங்கள் கட்டப் போகும் விமானத்தின் மொத்த வெளிப்பரப்பு, இறக்கையின் இரு பக்கமும் சேர்த்து, சுமார் 4 சதுர மீட்டர். தோல் மட்டுமே 6 கிலோ ஆகிவிடும். விமானம் முழுவதுமாக, பேட்டரியோடு சேர்த்து, இருக்க வேண்டிய எடையே அதுதான். இதற்குப் பதிலாக, நெய்த கண்ணாடித் துணியில் சதுர மீட்டருக்கு 49 கிராம் உள்ளதை வாங்கி, அதன் எடைக்குச் சமமான எபாக்சியை மட்டும் ஏற்றினால் தோல் மொத்தம் 400 கிராமில் முடியும். வால் பக்கத்துக்கு 25 கிராம் துணியே போதும், ஏனென்றால் பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

துணியை உலர்ந்த நிலையில் விரித்து, நடுவில் எபாக்சியை ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் ஓரத்தை நோக்கி வழித்துக்கொண்டே போங்கள். துணி நனைந்து நிறமற்றுப் போக வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. பளபளப்பு தெரிந்தால் அங்கே ரெசின் தேவைக்கு மேல் நிற்கிறது என்று பொருள்; அதன்மேல் டாய்லெட் பேப்பர் சுருளை உருட்டி எடுத்தால் உபரி அதில் ஏறிவிடும். படகு வேலையில் ரெசின் குறைந்துவிடுமோ என்று பார்ப்பீர்கள். இங்கே கூடிவிடுமோ என்று பார்க்க வேண்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் எபாக்சி இறுகும்போது மேலே மெழுகு போன்ற பிசுபிசுப்பான படலம் படிவதுண்டு. அடுத்த பூச்சுக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் அதைத் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள். துடைக்காமல் தேய்த்தால் படலம் பரவி, அடுத்த பூச்சு உரிந்துவரும். வெயில் ஏறியபின் கலக்கினால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் ஒரு தடவைக்குச் சிறிதளவே கலக்குங்கள். கண்ணாடித் துணி உடனே கிடைக்காவிட்டால், பழுப்புத் தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து ஒட்டுவதும் நல்ல வழி. செலவு மிகக் குறைவு, எடையும் அதிகமில்லை. ஈரம் ஏறாதபடி மேலே பெயின்ட் அடித்து மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அளவு. தேஜஸின் நீளம் 13.2 மீட்டர், இறக்கை விரிவு 8.2 மீட்டர், இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர். ஆறில் ஒன்றாகச் சுருக்கினால் நீளம் 2.2 மீட்டர், விரிவு 1.37 மீட்டர். பரப்பு முப்பத்தாறில் ஒன்றாகக் குறைந்து 1.07 சதுர மீட்டர் வரும். எடையை 6 கிலோவுக்குள் பிடித்தால் ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்குவது 5.6 கிலோதான்; ஜெட் மாதிரிக்கு இது மிகவும் இதமான சுமை. உங்கள் தேர்வு நல்ல தேர்வு என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அதே ஆறில் ஒன்று அளவில் மிக்-21 கட்டினால், அதன் 23 சதுர மீட்டர் இறக்கை 0.64 சதுர மீட்டராகச் சுருங்கிவிடும். நீளம் அதிகம், இறக்கை சிறிது, இறங்கும் வேகம் தாறுமாறாகக் கூடும். முதல் பெரிய ஜெட்டாக யாராவது என்னிடம் கேட்டால், தேஜஸ் அல்லது எச்.ஏ.எல். கிரண் என்ற பயிற்சி ஜெட் என்றே சொல்வேன். கிரணின் நேர் இறக்கை இன்னும் சாதுவானது. ஆனால் மனம் தேஜஸில் இருக்கும்போது கிரணைக் கட்டச் சொல்வதில் பயனில்லை. பல மாதங்கள் ஒரு விமானத்தோடு இருக்க அந்த விமானத்தின் மீது ஆசை இருக்க வேண்டும்.

பெரிதாகக் கட்டுவது கடினம் என்று பலர் அஞ்சுகிறார்கள். பறக்கும் தன்மையைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. மாதிரி சிறியதாகவும் மெதுவாகவும் இருந்தால் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் சீக்கிரம் விலகிவிடுகிறது. இதை அளக்கும் ரெனால்ட்ஸ் எண், முக்கால் மீட்டருக்கு மேல் அகலமுள்ள உங்கள் இறக்கையில், இறங்கும் வேகத்தில்கூட ஆறு லட்சத்தை ஒட்டி இருக்கும். ஒரு முழம் அகல இறக்கைக்கு அதில் பாதிதான். ஆகவே பெரிய மாதிரி நிதானமாகவும் நேராகவும் போகும். 6 கிலோவில் உங்கள் தேஜஸ் காற்றைப் பிடித்து நிற்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர் அளவில் வரும். 8 கிலோ ஆகிவிட்டால் அது 43. எண்ணில் சிறிய வேறுபாடுதான், ஆனால் கரடுமுரடான தரையில் சக்கரம் தொடும்போது தாக்கத்தின் ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. லேண்டிங் கியர் பிய்ந்து வருவதும் வராமலிருப்பதும் அந்த 2 கிலோவில்தான் இருக்கிறது.

6 கிலோவை எப்படிப் பங்கிடுவது? பேட்டரி ஒன்றரைக் கிலோ, விசிறியும் மோட்டாரும் 650 கிராம், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 200, உள்ளிழுக்கும் லேண்டிங் கியரும் சக்கரங்களும் 600, இறக்கை மடல்களை அசைக்கும் சர்வோ, ரேடியோ ரிசீவர், வயர் எல்லாம் 550. இவை கடையில் வாங்குபவை. அவற்றின் எடை உங்கள் கையில் இல்லை. மீதமுள்ள இரண்டரைக் கிலோவுக்குள் உடல், இறக்கை, குழாய், தோல், பெயின்ட் அனைத்தும் அடங்க வேண்டும். இறக்கைக்குச் சாதாரண வெள்ளைத் தெர்மாகோலே சிறந்தது: ஒரு கன மீட்டர் 20 கிலோ என்று கேட்டு வாங்குங்கள். உடலுக்கு, கை அழுத்தினால் குழி விழாத பிழிந்த பலகை, கன மீட்டருக்கு 32 கிலோ அளவில் இருப்பது, 10 மில்லிமீட்டர் தடிமனில் போதும். விளம்பரப் பலகைக் கடைகளில் சன்போர்டு என்று கொடுப்பதைத் தொடாதீர்கள். அது பி.வி.சி.; பல மடங்கு கனம்.

இறக்கையை நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி அறுப்பதே வழக்கம். இரு முனையிலும் இறக்கை வெட்டுமுகத்தின் வடிவில் மெல்லிய ஃபார்மிகா அச்சுகளை ஒட்டி, அவற்றின்மேல் கம்பியை இழுத்துச் செல்ல வேண்டும். தேஜஸின் இறக்கை உடலோரத்தில் மிக அகலமாகவும் நுனியில் குறுகியும் இருப்பதால், நுனிப் பக்கக் கை மெதுவாகவும் உடல் பக்கக் கை வேகமாகவும் நகர வேண்டும். அச்சு ஓரங்களைச் சம எண்ணிக்கைப் பங்குகளாகப் பிரித்து எண் எழுதி, இருவர் சேர்ந்து எண்களைச் சொல்லிக்கொண்டே இழுத்தால் பிசகாது. கம்பி செக்கச்சிவந்து எரியக் கூடாது. சரியான சூட்டில் அறுபட்ட முகத்தில் சிலந்தி நூல் போன்ற இழைகள் மெல்லியதாக நிற்கும். சூடு கூடினால் மணிகள் உருகிப் பள்ளம் விழும். குறைந்தால் கம்பி நடுவில் பின்தங்கி வளைந்து, இறக்கையின் நடுப்பகுதி வடிவம் கெடும். அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல என்பதால் பட்டறைக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று அறுங்கள். உண்மைத் தேஜஸின் இறக்கை மிக மெல்லியது. நீங்கள் அதை அப்படியே எடுத்தால் இறக்கைக்குள் சுமை தாங்கும் முட்டுக் குழாய் வைக்க இடம் இருக்காது. வெட்டுமுகத்தின் தடிமனை இறக்கை அகலத்தில் 7 விழுக்காடு அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இறக்கையின் சுமையைத் தாங்க 16 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1 மில்லிமீட்டர் சுவரும் உள்ள கார்பன் குழாய் ஒன்று போதும். திடீரெனத் திருப்பும்போது எடை ஐந்து மடங்காகத் தெரிந்தாலும் அது தாங்கும். இந்தக் குழாய் உடலைக் கடக்கும் இடத்தில், விசிறிக்குக் காற்றைக் கொண்டுவரும் காற்றுக் குழாயும் வந்து நிற்கும். பல ஜெட் மாதிரிகளில் இந்த மோதல்தான் வடிவமைப்பவரைத் திணற வைக்கிறது. தேஜஸில் இறக்கை உடலின் மேற்பகுதியில் அமைந்து, காற்று வாய்கள் அதன் கீழே இருப்பதால், முட்டுக் குழாயைக் காற்றுக் குழாய்க்கு மேலாகவே கொண்டுபோய்விடலாம்.

விசிறிக்கு வருவோம். இந்த எடைக்கு 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறியும், 12 செல் லைபோவும் (லித்தியம் பாலிமர் பேட்டரி) பொருத்தமானவை. 6 செல் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 44.4 வோல்ட், முழுதாக ஏற்றியபோது 50.4 வோல்ட். நன்றாகக் கட்டிய குழாயில் 7 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 5,000 வாட்ஸ், அதாவது 115 ஆம்பியர் செலவாகும். எனவே இ.எஸ்.சி. 150 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும். முழு த்ராட்டிலில் அது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், நிதானமாக ஓட்டினால் நான்கு நிமிடத்தை ஒட்டி வரும். விளம்பரத்தில் வரும் தள்ளுவிசை எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நம் ஊரில் 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட 6 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் தள்ளுவிசை அந்த அளவுக்குக் குறையும், இறக்கைக்கும் சற்றுக் கூடுதல் வேகம் தேவைப்படும்.

விசிறியைவிடக் குழாய்க்கே அதிக நேரம் கொடுங்கள். 120 மில்லிமீட்டர் விசிறியில், நடுக்குடத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று கொண்டால், இலைகள் வீசும் பரப்பு 93 சதுர சென்டிமீட்டர். உடலின் இரு பக்கமும் உள்ள காற்று வாய்கள் இரண்டும் சேர்ந்து அதற்குக் குறையக் கூடாது. அதாவது ஒவ்வொன்றும் 47 சதுர சென்டிமீட்டர். பின்வாய் அந்தப் பரப்பில் 90 விழுக்காடு, அதாவது 103 மில்லிமீட்டர் விட்டம். பின்வாயை இன்னும் சுருக்கினால் காற்று வேகமாக வெளியேறும், ஆனால் தரையிலிருந்து கிளம்பும்போது விசிறி திணறும். உண்மை விமானத்தின் காற்று வாய் விளிம்பு கத்தி போல மெல்லியது. மாதிரியில் அப்படி விட்டால், நின்ற நிலையில் பக்கவாட்டிலிருந்து வரும் காற்று விளிம்பில் திரும்ப முடியாமல் சுழித்து, விசிறியின் ஒரு பக்கம் பட்டினி கிடக்கும். வெட்டுப்பட்ட, கரகரப்பான ஓசையால் அதை அறியலாம். விளிம்பின் உட்புறத்தை 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிவிடுங்கள்.

இரண்டு வாய்களும் சேர்ந்து ஒன்றாகும் கவட்டைக் குழாயைச் செய்ய உங்கள் பட்டறைக் கை நன்றாக உதவும். குழாயின் உள்வெற்றிடம் எந்த வடிவமோ, அந்த வடிவில் தெர்மாகோலைச் செதுக்கி வழவழப்பாக்கி, பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பால் சுற்றி, அதன்மேல் 49 கிராம் துணி இரண்டு அடுக்கு எபாக்சியில் போடுங்கள். இறுகியபின் உள்ளே தின்னரை ஊற்றினால் தெர்மாகோல் கரைந்து, கூழாக வெளியே வந்துவிடும். டேப்பையும் உரித்து எடுத்தால் கண்ணாடி போன்ற உட்புறம் கிடைக்கும். இதைத் திறந்த வெளியில், அடுப்போ பீடியோ அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். விசிறிக்குப் பின்னால் உள்ள குழாய்க்கு ஓ.எச்.பி. எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி ஒட்டினாலே போதும்.

பேட்டரி, வயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் லைபோ பழகியவர். ஆனால் 50 வோல்ட்டில் சாதாரண கனெக்டரைச் சேர்த்தால் பெரிய பொறி பறந்து முனை கருகும். பொறி தடுக்கும் கனெக்டரே வேண்டும். இந்த வோல்ட்டேஜ் இ.எஸ்.சி.களில் பெரும்பாலும் ரிசீவருக்கு மின்சாரம் வராது என்பதால், ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனிச் சிறு பேட்டரி வையுங்கள். நம் கரையின் உப்புக் காற்று செம்பையும் பேரிங்கையும் தின்றுவிடும். வயர் முனைகளில் வாசலின் தடவுவதும், பறந்து வந்ததும் விமானத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதும், மோட்டார் பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் பழக்கமாக வேண்டும்.

தேஜஸ் கட்டும் பலர் எடை மையத்தை உண்மை விமானத்தின் படத்திலிருந்து எடுக்கிறார்கள். அது ஆபத்து. உண்மைத் தேஜஸ் வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. நான்கு மடங்கு காப்புள்ள கணினிக் கட்டுப்பாடு நொடிக்குப் பல முறை திருத்திக்கொண்டே இருப்பதால்தான் 2001 ஜனவரி 4 அன்று முதன்முறை பறந்தது முதல் இன்றுவரை அது நேராகப் போகிறது. உங்கள் கையில் அந்தக் கணினி இல்லை. ஆட்டத்தைத் தானே திருத்தும் ஜைரோ என்ற சிறு கருவியைப் பொருத்தினாலும், ஜைரோ இல்லாமலே பறக்கும்படி கட்டிய பிறகே அதை நம்ப வேண்டும். இறக்கையின் திட்டப்படத்தை, உடலுக்குள் மறையும் பகுதியையும் சேர்த்து, வரைபடத் தாளில் வரைந்து, மூக்கிலிருந்து வாலை நோக்கிய திசையில் சம அகலப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையின் முன்விளிம்பிலிருந்து கால்பங்கு நீளத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூக்கிலிருந்து அந்தப் புள்ளிக்கு உள்ள தூரத்தைப் பட்டையின் பரப்பால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தால் காற்றின் தூக்குவிசை மையம் ஏறத்தாழ எங்கே இருக்கிறது என்று தெரியும். இறக்கையின் சராசரி நாண் நீளத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள தூரம்) பத்தில் ஒரு பங்கு அதற்கு முன்னால்தான் எடை மையம் இருக்க வேண்டும். நீண்ட மூக்கும் காற்று வாய்களும் தூக்குவிசை மையத்தைச் சற்று முன்னுக்கு இழுக்கும் என்பதால், முதல் பறப்புக்கு இன்னும் ஒரு விரலளவு முன்னால் வைப்பதே பாதுகாப்பு.

தாளில் போட்ட கணக்கைக் காற்றிலும் சரிபார்க்கலாம். மெல்லிய தெர்மாகோல் தாளில், 40 சென்டிமீட்டர் நீளத்தில், அதே திட்டப்படம் உள்ள ஒரு சிறு கிளைடரை வெட்டி, மூக்கில் களிமண் வைத்து, காற்றில்லாத காலையில் கடற்கரை மணலில் எறிந்து பாருங்கள். எலிவான் பகுதியை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலை, சற்று மேலே மடித்துவிட வேண்டும். எடை மையம் பின்னால் போனால் அது தலை தூக்கிப் புரளும். சரியாக இருந்தால் ஒரே சாய்வில் வழுக்கிக்கொண்டு போகும். களிமண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தால் எந்த இடத்தில் குணம் மாறுகிறது என்பது ஒரு காலைப் பொழுதில் தெரிந்துவிடும். அந்த இடத்தை விழுக்காடாக மாற்றிப் பெரிய விமானத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் திட்டத்தில் கடற்கரைக்குச் சரியான வேலை இதுதான்.

பெரிய விமானத்தை ஏன் அங்கே ஏற்றக் கூடாது? முதலில் மணல். மூக்குச் சக்கரம் கிளப்பும் மணல் நேராக அதன் பின்னாலுள்ள காற்று வாய்களுக்குள் போய், விசிறி இலைகளின் விளிம்பை அரித்துவிடும். சமன் கெட்ட விசிறி அந்த வேகத்தில் மோட்டார் பேரிங்கை உடைக்கும். அடுத்தது கடல். தண்ணீரில் விழுந்த லைபோவை உப்புநீர் சுருக்கிடச் செய்து தீப்பிடிக்க வைக்கலாம். மன்னார் வளைகுடாப் பக்கம் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் 21 தீவுகளின் கடல், அதில் பேட்டரியையும் தெர்மாகோல் மணிகளையும் சிதற விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக வான்வெளி. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இத்தகைய மாதிரி விமானங்களுக்கும் பொருந்துபவை. உங்கள் 6 கிலோ விமானம் அதில் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையிலான ‘சிறிய’ வகையில் வருகிறது. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வான்வெளி வரைபடத்தைத் திறந்து, சிவப்புப் பகுதியை முற்றிலும் விட்டுவிடுங்கள். அங்கே மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் கிளம்பக் கூடாது. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை இடம் உண்டு. எல்லைக் கடலோர மாவட்டத்தில் இருப்பதால், பச்சைப் பகுதியாக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பறக்கவிடுவதே முறை.

கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனால் நம் மாவட்டத்துக்கே உரிய நல்ல களங்கள் இருக்கின்றன. வற்றிய கண்மாய்களைத்தான் சொல்கிறேன். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ஆர்.எஸ். மங்கலம் கண்மாயைப் போன்ற பரப்பில், கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமின்றிக் கிடக்கும். கரம்பை வெடித்த இடங்களில் சக்கரம் சிக்கும் என்பதால், முதல் நாளே நடந்து பார்த்து, வெடிப்பில்லாத 60 மீட்டர் நீளத்தைக் காற்றோட்டத் திசையில் தேர்ந்தெடுத்து, முள்ளைப் பொறுக்கி வையுங்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் ஆகியவை பறவைகள் சரணாலயங்கள். அவை வற்றிக் கிடந்தாலும் அங்கே போகக் கூடாது. சீமைக் கருவேலம் அடர்ந்த கரைக்கு அருகிலும் வேண்டாம். அதில் விழுந்த தெர்மாகோல் இறக்கையை முழுதாக மீட்க முடியாது.

காலம் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் வைகாசியிலிருந்து ஆவணி வரை பகல் முழுவதும் மண்ணை வாரி இறைக்கும். பாம்பன் பாலத்தில் காற்று வரம்பு மீறினால் ரயிலையே நிறுத்தி வைக்கும் கரை இது. மாசியிலும் பங்குனியிலும், விடிந்ததிலிருந்து கடற்காற்று எழும் வரை உள்ள நேரம்தான் முதல் பறப்புக்கு உகந்தது. அந்த நேரத்தில் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். தெர்மாகோலும், வீட்டு வெப்பத்தில் இறுகிய எபாக்சியும் கடும் வெயிலில் இளகும். தேஜஸின் வெளிர் சாம்பல் நிறம் இந்த வகையில் உங்களுக்குச் சாதகம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டையே அடியுங்கள். விமானத்தைப் பறக்காத நேரத்தில் வெள்ளை வேட்டியால் மூடி, வண்டிக்குள் பூட்டாமல் நிழலில் வையுங்கள்.

முதல் நாள் பறக்கவிடுவதற்கு முன், தரையிலேயே ஓட்டிப் பாருங்கள். நேராக ஓடுகிறதா, முழு த்ராட்டிலில் விசிறி ஓசை சீராக இருக்கிறதா, ரேடியோவை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பவை மூன்றும் சரியாக இருக்க வேண்டும். எலிவான்கள் இரண்டையும் நடுநிலையிலிருந்து 3 மில்லிமீட்டர் மேலே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மூக்கை அவசரமாகத் தூக்காதீர்கள். முக்கோண இறக்கை தலை தூக்கினால் இழுவை மிக அதிகமாகக் கூடி, வேகம் ஏறாமலே கீழே அமர்ந்துவிடும். வேகம் சேரட்டும், அது தானே மேலே வரும். உயரத்துக்குப் போனதும் முதல் வேலை, த்ராட்டிலைக் குறைத்து, தலையை மெதுவாகத் தூக்கி, எந்த வேகத்தில் அது ஆடத் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்வது. டைமரை இரண்டரை நிமிடத்துக்கு வைத்து, அது அடித்ததும் இறங்க வாருங்கள். இறங்கும்போது த்ராட்டிலை மூடிவிடக் கூடாது. விசிறி மறுபடி வேகம் பிடிக்க நேரமெடுக்கும். முக்கோண இறக்கையோ தலை தூக்கிய நிலையில் சக்தி இல்லாமல் கல்லாக இறங்கும். மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலை வைத்துக்கொண்டு, உயரத்தை த்ராட்டிலாலும் வேகத்தை எலிவானாலும் பிடித்து, பின்சக்கரங்கள் தொட்ட பிறகே மூடுங்கள். நின்றதும் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் ஆறவிட்டு, ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள்: 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் டைமரை அரை நிமிடம் குறைத்து விடுங்கள், 3.8-க்கு மேல் இருந்தால் அடுத்த பறப்பில் இன்னொரு சுற்றுக்கு இடம் இருக்கிறது.